அணு மருத்துவத்தில் டோஸ் கணக்கீடும் காமிரா அளவுத்திருத்தமும்: முக்கியக் குறிப்புகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு, மருத்துவ இயற்பியல் மேற்படிப்பு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் பட்டயப் படிப்பு என்று தயாராகி வருபவர்களுக்கான குறிப்புகள் இவை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் "அயோடின்-131 தைராய்டு நோய்க்குப் பயன்படுகிறது" என்பதோடு பாடம் முடிந்துவிடும். மேல்நிலைத் தேர்வுகள் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கின்றன. கொடுத்த மருந்தில் உறுப்புக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? அது எத்தனை கிரே டோஸ் கொடுத்தது? அந்த எண்ணை எப்படி நம்புவது? மூன்றாவது கேள்விக்கான விடைதான் காலிபிரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம். மனப்பாடம் செய்வதற்கு முன் ஒவ்வொரு குறிப்பிலும் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் புரிந்தால் எண் தானாக நினைவில் நிற்கும்.

1. அடிப்படை அளவுகளும் அலகுகளும்

● கதிரியக்கச் செயல்பாடு: ஒரு விநாடியில் சிதையும் அணுக்கருக்களின் எண்ணிக்கை. அலகு பெக்கரல். பழைய அலகு கியூரி.
● 1 கியூரி = 3.7 × 10¹⁰ பெக்கரல். 1 மில்லி கியூரி = 37 மெகா பெக்கரல்.
● உட்கவர் டோஸ்: ஒரு கிலோ திசு ஏற்கும் கதிர்வீச்சு ஆற்றல். அலகு கிரே. 1 கிரே = 1 ஜூல்/கிலோகிராம் = 100 ராட்.
● சீவர்ட்: கதிர்வீச்சின் வகையையும் திசுவின் உணர்திறனையும் சேர்த்துப் பார்க்கும் பாதுகாப்பு அலகு. சிகிச்சையில் உறுப்பு பெறும் டோஸைக் கிரேயில் சொல்ல வேண்டும். சீவர்ட்டில் சொல்வது தவறு.
● தேர்வில் அதிகம் பேர் தவறுமிடம்: நோயாளிக்கு ஏற்றப்படுவது பெக்கரல், உறுப்பு பெறுவது கிரே. ஒரே 7.4 கிகா பெக்கரல் மருந்து இரண்டு நோயாளிகளின் சிறுநீரகங்களுக்கு வெவ்வேறு கிரே கொடுக்கும். உறுப்பின் நிறை, மருந்தை ஈர்க்கும் விகிதம், வெளியேற்றும் வேகம் மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுவதே காரணம்.
● அரை ஆயுட்காலம் மூன்று வகை: இயற்பியல், உயிரியல், பயனுறு.
● 1/பயனுறு = 1/இயற்பியல் + 1/உயிரியல். பயனுறு அரை ஆயுட்காலம் மற்ற இரண்டையும்விட எப்போதும் குறைவு.
● சராசரி ஆயுட்காலம் = 1.443 × அரை ஆயுட்காலம்.

2. சிகிச்சைக்கான ஐசோடோப்புகள்

● அயோடின்-131: அரை ஆயுட்காலம் 8.02 நாள். பீட்டா சிகிச்சைக்கு; 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா படமெடுக்க. 637, 723 ஆகிய உயர் ஆற்றல் காமாக்களும் சிறிதளவு உண்டு. படத்தைக் கெடுப்பவை அவைதான்.
● லுட்டீசியம்-177: 6.65 நாள். பீட்டாவின் உச்ச ஆற்றல் 498 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மென்திசுவில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வரை செல்லும். காமா: 113 (சுமார் 6%), 208 (சுமார் 10%).
● இட்ரியம்-90: 64.1 மணி. உச்ச ஆற்றல் 2.28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்; திசுவில் 11 மில்லிமீட்டர் வரை. நடைமுறையில் தூய பீட்டா உமிழ்வான். பத்து லட்சம் சிதைவுகளில் சுமார் 32 பாசிட்ரான்கள் வருவதால் பெட் கருவியிலும் படமெடுக்கலாம்.
● ஸ்ட்ரான்சியம்-89: 50.5 நாள். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலியைத் தணிக்க.
● சமாரியம்-153: 46.3 மணி, 103 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா.
● ரேடியம்-223 (11.4 நாள்), ஆக்டினியம்-225 (9.9 நாள்): ஆல்பா உமிழ்வான்கள்.
● டெக்னீசியம்-99எம்: 6 மணி, 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நோயறிதலுக்கு மட்டும், சிகிச்சைக்கு இல்லை.
● காரணம்: ஒரே ஐசோடோப்பு பீட்டாவையும் காமாவையும் உமிழ்ந்தால் சிகிச்சையும் நடக்கும், மருந்து எங்கே போனது என்றும் பார்க்கலாம். லுட்டீசியம்-177 உலகெங்கும் விரும்பப்பட இதுவே முதன்மைக் காரணம்.

3. அளவீட்டுச் சங்கிலியின் முதல் கண்ணி: டோஸ் காலிபிரேட்டர்

● மருந்தைச் சிரிஞ்சில் எடுத்தவுடன் அதன் செயல்பாட்டை அளக்கும் கருவி. கிணறு வடிவ அயனியாக்கக் கலம். உள்ளே உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயு, பெரும்பாலும் ஆர்கான்.
● பெயரில் "டோஸ்" இருந்தாலும் இது அளப்பது பெக்கரலை, கிரேயை அல்ல.
● நான்கு சோதனைகள்: மாறாமை (தினமும்), துல்லியம், நேர்விகிதத் தன்மை, வடிவ விளைவு.
● மாறாமைச் சோதனைக்குச் சீசியம்-137 மூலம்: 30.1 ஆண்டு அரை ஆயுட்காலம், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நெடுநாள் நிலையாக இருப்பதால் இதைத் தேர்கிறார்கள். குறைந்த ஆற்றலுக்குக் கோபால்ட்-57: 272 நாள், 122 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.
● நேர்விகிதச் சோதனை: அதிகச் செயல்பாடுள்ள டெக்னீசியம்-99எம் குப்பியைச் சிதையவிட்டு, பல நேரங்களில் அளந்து, கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிடுவது.
● வடிவ விளைவு: அதே மருந்து குப்பியில் ஒரு மதிப்பும் சிரிஞ்சில் வேறு மதிப்பும் காட்டலாம். கொள்கலனின் சுவர் தடிமனும் திரவத்தின் உயரமும் காரணம். குறைந்த ஆற்றல் காமாவுக்கும் தூய பீட்டாவுக்கும் இந்த வேறுபாடு பெரிது.

4. தரநிலை எங்கிருந்து வருகிறது

● பெரம்பலூர் மண்டியில் சின்ன வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை இருப்பதுபோல, டோஸ் காலிபிரேட்டரின் எண்ணுக்கும் மேலேயுள்ள ஒரு தரநிலையின் சான்று வேண்டும். இந்தத் தொடர்புக்குத் தடமறி தன்மை என்று பெயர்.
● இந்தியாவில் கதிர்வீச்சு அளவீட்டுத் தரநிலைகளைப் பேணுவது மும்பை, டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1976-இல் தொடங்கிய இரண்டாம் நிலைத் தரநிலை ஆய்வக வலையமைப்பில் இது உறுப்பினர்.
● செயல்பாட்டின் முதல்நிலைத் தரநிலைக்குப் பயன்படும் முறை: 4π பீட்டா–காமா ஒருங்கு நிகழ்வு எண்ணல். வேறு எந்த மூலத்தோடும் ஒப்பிடாமல் நேரடியாகப் பெக்கரலைத் தருவதால் இது முதல்நிலை.
● இந்திய அணு மருத்துவ மையங்களின் அயோடின்-131 அளவீட்டை பாபா அணு ஆராய்ச்சி மையம் தேசியத் தணிக்கைக்கு உட்படுத்துகிறது. மையங்கள் தம் கருவியில் அளந்து சொல்லும் மதிப்பு, தரநிலைக் கருவியின் மதிப்போடு ஒப்பிடப்படுகிறது. தேர்வில் "தேசிய அளவில் அளவீட்டுத் தர உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக" என்று கேட்டால் இதை எழுதுங்கள்.
● ஏன் வெளித்தணிக்கை வேண்டும்? ஒரு மருத்துவமனையின் காலிபிரேட்டர் எப்போதும் 10% கூடுதலாகக் காட்டுகிறது என்று கொள்க. அதே கருவியை வைத்துக் காமிராவையும் அளவுத்திருத்தம் செய்தால், ஏற்றிய மருந்தும் உறுப்பில் உள்ள மருந்தும் ஒரே விகிதத்தில் கூடுதலாகத் தெரியும். உறுப்பு ஈர்த்த சதவீதம் சரியாகவே வரும். கிரே மட்டும் 10% தவறும். உள்ளுக்குள் எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்தப் பிழை அகப்படாது. வெளியிலிருந்து வரும் தரநிலை மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

5. இரண்டாம் கண்ணி: காமா காமிரா

● கண்டுபிடித்தவர் ஹால் ஆங்கர், அமெரிக்காவின் பெர்க்லி, 1950-களின் பிற்பகுதி. ஆங்கர் காமிரா என்றும் பெயர்.
● பாகங்களின் வரிசை: கொலிமேட்டர் → தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் → ஒளிப்பெருக்கிக் குழாய்கள் → இடம், ஆற்றல் கணிக்கும் மின்னணுச் சுற்று.
● படிகத்தின் வழக்கமான தடிமன் 9.5 மில்லிமீட்டர். உயர் ஆற்றலுக்கு 15.9 மில்லிமீட்டர் படிகமும் உண்டு.
● கொலிமேட்டர் தேர்வு: டெக்னீசியம்-99எம் – குறைந்த ஆற்றல், லுட்டீசியம்-177 – நடுத்தர ஆற்றல், அயோடின்-131 – உயர் ஆற்றல்.
● காரணம்: கொலிமேட்டரின் ஈயச் சுவர் மெல்லியதாக இருந்தால் உயர் ஆற்றல் காமா அதைத் துளைத்து வந்து, இல்லாத இடத்தில் மருந்து இருப்பதுபோல் காட்டும். இதைத் தடுப்புச்சுவர் ஊடுருவல் என்பர்.
● காமிராவைச் சுழற்றிப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமாக மீட்டுருவாக்குவது ஸ்பெக்ட். அதோடு சி.டி. இணைந்தது ஸ்பெக்ட்-சி.டி.
● மீட்டுருவாக்க முறை: ஓசெம். 1994-இல் ஹட்சன், லார்கின் இருவரும் வெளியிட்டது.
● காமிரா எண்ணுவது விநாடிக்கு எத்தனை காமா என்பதை. அதைப் பெக்கரலாக மாற்றும் எண்தான் அளவுத்திருத்தக் காரணி. அலகு: விநாடிக்கு எண்ணிக்கை/மெகா பெக்கரல்.

6. அளவுத்திருத்தம் செய்யும் முறை: படிப்படியாக

லுட்டீசியம்-177-க்கு நீர் உருளை வைத்துச் செய்யும் முறையை நெருங்கிப் பார்ப்போம்.

1. காலிபிரேட்டர், காமிரா, சுவர்க் கடிகாரம் மூன்றையும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். நேரம் தவறினால் சிதைவுத் திருத்தம் தவறும்.
2. சிரிஞ்சில் மருந்தை எடுத்து அளந்து, அளந்த நேரத்தையும் குறிக்க வேண்டும்.
3. உருளையில் நீர் நிரப்பி, அதில் டி.டி.பி.ஏ. அல்லது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லுட்டீசியம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சீரான கரைசல் கிடைக்காது.
4. மருந்தைச் செலுத்தியபின் உருளை நீராலேயே சிரிஞ்சை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பிறகு காலிச் சிரிஞ்சை மீண்டும் அளக்க வேண்டும். எஞ்சியதைக் கழித்தால்தான் உருளைக்குள் போனது தெரியும்.
5. ஒரு காற்றுக் குமிழை விட்டுவைத்து, உருளையைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும்.
6. நோயாளிக்குப் பயன்படுத்தும் அதே கொலிமேட்டர், அதே ஆற்றல் சாளரம், அதே மீட்டுருவாக்க அமைப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் பழைய காரணி செல்லாது.

மாதிரிக் கணக்கு: காலை 9 மணிக்குச் சிரிஞ்சில் 600 மெகா பெக்கரல். எஞ்சியது, 9 மணிக்குத் திருத்தியபின், 12. உருளைக்குள் 588. ஸ்கேன் 5 மணி நேரம் கழித்து. லுட்டீசியத்தின் அரை ஆயுட்காலம் 159.5 மணி, 5 மணியில் மிச்சம் 97.85%. ஆகவே 575.4 மெகா பெக்கரல். காமிரா எண்ணியது விநாடிக்கு 5,754 எனில், காரணி = 10.

7. காரணி சரியாக இருக்க ஐந்து திருத்தங்கள்

● தணிவுத் திருத்தம்: உடலின் ஆழத்திலிருந்து வரும் காமா வழியிலேயே குறைகிறது. நீரில் தணிவு எண்: 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சென்டிமீட்டருக்கு 0.15, 208-க்குச் சுமார் 0.135; 364-க்குச் சுமார் 0.11. 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து நேராக வெளிவருவது முறையே 22%, 26%, 33%. சி.டி. படத்தைக் கொண்டு இதை ஈடுசெய்கிறார்கள். சி.டி. இல்லாத காலத்தின் எளிய முறை: சாங் முறை, 1978.
● சிதறல் திருத்தம்: காம்ப்டன் சிதறலால் திசை மாறி, ஆற்றல் குறைந்து வரும் காமாக்களைக் கழிப்பது. மூன்று ஆற்றல் சாளர முறையை ஒகாவாவும் உடன் ஆய்வாளர்களும் 1991-இல் தந்தார்கள். சிதறல் = (கீழ்ச் சாளர எண்ணிக்கை/அகலம் + மேல் சாளர எண்ணிக்கை/அகலம்) × முதன்மைச் சாளர அகலம்/2.
● செயலற்ற நேரத் திருத்தம்: ஒரு காமாவைக் கையாளும் நேரத்தில் வரும் அடுத்ததைக் கருவி தவறவிடும். உண்மை வீதம் = கண்ட வீதம்/(1 − கண்ட வீதம் × செயலற்ற நேரம்). கண்டது விநாடிக்கு 20,000, செயலற்ற நேரம் 5 மைக்ரோ விநாடி எனில் உண்மை 22,222. அதிக அயோடின்-131 பெற்ற நோயாளியை முதல் நாளே படமெடுத்தால் இந்தப் பிழை பெரிதாகும்.
● பகுதிக் கனஅளவு விளைவு: சிறிய கட்டியின் எண்ணிக்கை சுற்றுப்புறத்தில் சிந்திவிடுவதால், உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இதை ஈடுசெய்வது மீட்புக் குணகம். இதைச் சோதிக்கப் பயன்படும் நேமா உடல் மாதிரியின் ஆறு கோளங்கள்: 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீட்டர் விட்டம். 37 மி.மீ. கோளத்தின் கனஅளவு 26.5 மில்லிலிட்டர், 10 மி.மீ. கோளத்துக்கு 0.5 மில்லிலிட்டர் மட்டுமே. மிகச் சிறிய கோளத்தின் மீட்பே மிகக் குறைவு.
● கொலிமேட்டர் மங்கல் திருத்தம்: கட்டி காமிராவிலிருந்து விலக விலகப் படம் மங்கும். மீட்டுருவாக்கத்திலேயே இதைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.
● அயோடின்-131 அளவுத்திருத்தத்துக்கு ஒரு மாற்று: பேரியம்-133. இதன் காமா 356 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அயோடினின் 364-க்கு மிக அருகில். அரை ஆயுட்காலம் 10.5 ஆண்டு. ஒரே மூடிய மூலத்தைப் பல நாட்டு மருத்துவமனைகள் அளந்து ஒப்பிட முடியும் என்பதால் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வுத் திட்டம் இதைப் பயன்படுத்தியது.

8. பெக்கரலிலிருந்து கிரேக்கு: மிர்டு முறை

● மிர்டு: அமெரிக்க அணு மருத்துவச் சங்கத்தின் உள்டோஸ் குழு. 1965-இல் அமைந்தது, முதல் வெளியீடு 1968.
● அடிப்படைச் சமன்பாடு: டோஸ் = உறுப்பில் நிகழ்ந்த மொத்தச் சிதைவுகள் × எஸ் மதிப்பு.
● எஸ் மதிப்பு: ஒரு சிதைவுக்கு உறுப்பு பெறும் டோஸ். உறுப்பின் நிறை கூடினால் இது குறையும்.
● மிர்டு 23-ஆம் வெளியீடு (2012): அளவறி ஸ்பெக்ட். 24-ஆம் வெளியீடு: அயோடின்-131. 26-ஆம் வெளியீடு (2016): லுட்டீசியம்-177, ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கத்துடன் இணைந்தது.
● பாதுகாப்பு எல்லைகள்: சிறுநீரகத்துக்கு 23 கிரே (வெளிக்கதிர் சிகிச்சை அனுபவத்திலிருந்து எடுத்தது), எலும்பு மஜ்ஜைக்கு 2 கிரே.
● 1962, பெனுவா முறை: அயோடின்-131 சிகிச்சையில் இரத்தத்துக்கு 200 ராட்டுக்கு மேல் போகாமல் கணக்கிட்டுக் கொடுப்பது.
● ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, கதிரியக்கச் சிகிச்சையை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் திட்டமிடச் சொல்கிறது.

மாதிரிக் கணக்கு: ஒரு சுற்றில் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்துத் தொடக்கத்தில் 200 மெகா பெக்கரல் லுட்டீசியம்-177, நிறை 300 கிராம், பயனுறு அரை ஆயுட்காலம் 50 மணி.

● மொத்தச் சிதைவுகள் = 200 × 10⁶ × 50 × 3,600 × 1.443 ≈ 5.2 × 10¹³.
● ஒரு சிதைவுக்கு எலக்ட்ரான் ஆற்றல் 147 கிலோ எலக்ட்ரான் வோல்ட் = 2.36 × 10⁻¹⁴ ஜூல்.
● மொத்த ஆற்றல் ≈ 1.22 ஜூல். 0.3 கிலோவால் வகுத்தால் ≈ 4.1 கிரே.
● இதே போல நான்கு சுற்று: சுமார் 16.3 கிரே. 23-க்குள் இருக்கிறது.
● இப்போது காமிராக் காரணியை 10 என்பதற்குப் பதில் 12.5 என்று தவறாக வைத்துக்கொண்டால், 200 என்பது 160 ஆகத் தெரியும். நான்கு சுற்றுக்கு 13 கிரேதான் என்று அறிக்கை வரும். இன்னும் இடமிருக்கிறது என்று நம்பிக் கூடுதல் சுற்று கொடுத்தால், அதைத் தாங்க வேண்டியது நோயாளியின் சிறுநீரகம். அளவுத்திருத்தத்தின் முழு முக்கியத்துவமும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

9. ஒரே ஸ்கேன் போதுமா?

● மொத்தச் சிதைவுகளைக் கணிக்க, மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வழக்கமாக மூன்று முறையாவது ஸ்கேன்: முதல் நாள், நான்காம் நாள் ஒட்டி, ஏழாம் நாள் ஒட்டி.
● அரியலூர் அல்லது பெரம்பலூர்க் கிராமத்திலிருந்து வேலூர், புதுச்சேரி, சென்னை என்று பெரிய மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு பயணம், ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு ஓர் ஆள். விட்டுவிட்டால் டோஸ் கணக்கே நடக்காது.
● தீர்வு: ஹேன்ஷைட் குழு 2018-இல் வெளியிட்ட எளிய சூத்திரம். லுட்டீசியம்-177 டோட்டாடேட் (லுட்டீசியம் இணைத்த ஒரு மருந்து) சிகிச்சைக்குப் பின் நான்காம் நாள், அதாவது சுமார் 96 மணியில், ஒரே ஸ்கேன். மொத்தச் சிதைவுகள் ≈ அந்நேரச் செயல்பாடு × 2 × நேரம்/0.693.
● சரிபார்ப்போம்: மேலுள்ள சிறுநீரகத்தில் 96 மணியில் மிச்சம் 52.9 மெகா பெக்கரல். சூத்திரம் தருவது 14,650 மெகா பெக்கரல்-மணி. முழுக் கணக்கு தருவது 14,430. வேறுபாடு 2 சதவீதத்துக்கும் குறைவு.
● ஏன் பொருந்துகிறது: பயனுறு அரை ஆயுட்காலம் 48 மணியாகவோ 96 மணியாகவோ இருந்தால் சூத்திரம் மிகச் சரி; இடையில் இருந்தால் பிழை அதிகபட்சம் 6%. சிறுநீரகம் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே வருகிறது. மருந்து ஒரே அடுக்குக்குறி வேகத்தில் வெளியேறும்போதுதான் இது செல்லும் என்பதையும் எழுதுங்கள்.
● கவனிக்க: மூன்று ஸ்கேன் இருந்தால் ஒன்றின் தவறை மற்றவை காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. ஒரே ஸ்கேன் என்றால் முழுப் பாரமும் அந்த ஓர் எண்ணின் மேல். தொலைவிலிருந்து வரும் நோயாளியின் பயணத்தைக் குறைக்க விரும்பும் மருத்துவமனை, காமிராவின் அளவுத்திருத்தத்தில் கூடுதல் கண்டிப்போடு இருந்தாக வேண்டும்.

10. இந்தியா, தமிழகம், நம் மாவட்டங்கள்

● ஆசியாவின் முதல் ஆராய்ச்சி உலை அப்சரா: 4 ஆகஸ்ட் 1956, டிராம்பே. சைரஸ் 2010 முடிவில் மூடப்பட்டது. துருவா: 1985. அயோடின்-131, லுட்டீசியம்-177 போன்றவை துருவாவில் உருவாகின்றன.
● லுட்டீசியம்-176 நியூட்ரானை ஏற்று லுட்டீசியம்-177 ஆகும். இந்த நேரடி வழியில் 160 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட லுட்டீசியம்-177எம் சிறிதளவு கலந்து வரும். மருத்துவமனைக் கழிவு மேலாண்மையில் இது முக்கியம்.
● கல்பாக்கம் சோதனை அதிவேக ஈனுலை (18 அக்டோபர் 1985-இல் தொடர்வினை தொடங்கியது): இட்ரியம்-89 மீது அதிவேக நியூட்ரான் மோதி ஸ்ட்ரான்சியம்-89 உருவாக்கப்பட்டது. மின்சாரத்துக்காகப் பேசப்படும் உலை மருந்துக்கும் பயன்பட்டதற்குத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு.
● கதிர்வீச்சு மருத்துவ மையம், மும்பை: 1963. கதிர்வீச்சு ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம்: 1989, மருத்துவமனைகளுக்கு ஐசோடோப்பு வழங்குவது இதுவே.
● அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்: 15 நவம்பர் 1983. பணியாளர் எல்லை: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்கள்: 1 மில்லி சீவர்ட்.
● புறநோயாளியாக அயோடின்-131 கொடுக்கும் உச்சம்: 1.11 கிகா பெக்கரல் (30 மில்லி கியூரி). அதற்கு மேல் தனிமை வார்டு.
● டெல்லி எய்ம்ஸில் சி.எஸ். பால் குழு 1996, 2004-இல் வெளியிட்ட ஆய்வுகள்: தைராய்டு அறுவைக்குப்பின் மிச்சத் திசுவை அழிக்க 25 முதல் 50 மில்லி கியூரி போதுமானது. குறைந்த அயோடினே போதும் என்று காட்டிய இந்தியப் பங்களிப்பு.
● சென்னை பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம்: 1934. அடையாறு புற்றுநோய் நிறுவனம்: 1954.
● பெரம்பலூர் மாவட்டம்: 1995. அரியலூர்: 2001-இல் உருவாகி, மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடி தனி மாவட்டம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி: 12 ஜனவரி 2022-இல் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று.
● சிமெண்ட் தொழிலிலும் கொள்கலன் மட்டத்தை அளக்கச் சீசியம்-137, கோபால்ட்-60 கருவிகள் பயன்படுகின்றன. தொழிற்சாலைக் கருவிக்கும் மருத்துவமனைக் கருவிக்கும் உரிமம் தருவது ஒரே ஒழுங்குமுறை வாரியம்.

11. ஆண்டு வரிசை

● 1941 – சால் ஹெர்ட்ஸ், தைராய்டு மிகைப்புக்குக் கதிரியக்க அயோடின்
● 1946 – சைட்லின் குழு, தைராய்டு புற்றுநோய்க்கு
● 1948 – மாரினெல்லி, குவிம்பி, ஹைன்: உள்டோஸ் சூத்திரம்
● 1965 – மிர்டு குழு
● 1976 – இரண்டாம் நிலைத் தரநிலை ஆய்வக வலையமைப்பு
● 1991 – மூன்று ஆற்றல் சாளர முறை
● 2014 – அளவறி அணு மருத்துவப் படமெடுப்பு பற்றிய பன்னாட்டு அணுசக்தி முகமையின் கையேடு
● 2018 – லுட்டீசியம்-177 டோட்டாடேட்டுக்கு அமெரிக்க அனுமதி: 7.4 கிகா பெக்கரல், 8 வார இடைவெளியில் 4 முறை
● 2022 – புராஸ்டேட் புற்றுநோய்க்கு லுட்டீசியம்-177 பி.எஸ்.எம்.ஏ.: 7.4 கிகா பெக்கரல், 6 வார இடைவெளியில் 6 முறை வரை

12. மாதிரி வினாக்கள்

1. இயற்பியல் அரை ஆயுட்காலம் 8 நாள், உயிரியல் 24 நாள். பயனுறு எவ்வளவு? – 6 நாள்.
2. 200 மில்லி கியூரி எத்தனை கிகா பெக்கரல்? – 7.4.
3. சீசியம்-137 சோதனை மூலம் ஓராண்டில் எவ்வளவு குறையும்? – சுமார் 2.3%. கருவி அதே எண்ணையே காட்டினால் ஐயப்பட வேண்டும்.
4. முதன்மைச் சாளரம் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம், 10,000 எண்ணிக்கை. பக்கச் சாளரங்கள் 8 அகலம். கீழே 500, மேலே 100. சிதறல் எவ்வளவு? – 1,500. உண்மை எண்ணிக்கை 8,500.
5. குறைந்த ஆற்றல் கொலிமேட்டரில் அயோடின்-131 படமெடுத்தால் என்ன ஆகும்? – ஈயச் சுவரைக் காமா துளைத்து, எண்ணிக்கை பொய்யாகக் கூடும்.
6. மருத்துவமனை மீட்டுருவாக்க மென்பொருளை மாற்றியது, காமிரா அதுவே. பழைய காரணி செல்லுமா? – செல்லாது. புதிதாக அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.
7. ஈர்ப்புச் சதவீதம் சரியாக இருந்தும் கிரே தவறாக வருவது எப்போது? – காலிபிரேட்டரில் நிலையான பிழை இருந்து, அதே கருவியால் காமிராவும் அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கும்போது.

ஆறாவது, ஏழாவது வினாக்களுக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் காரணத்தோடு நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் இந்தப் பாடம் உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவ இயற்பியலாளராக நாளை நீங்கள் ஒரு மருத்துவமனையில் சேரும்போது, நம் மாவட்டத்திலிருந்து வரும் நோயாளிக்கு எத்தனை கிரே என்று கையெழுத்திட்டுச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வரும். அன்று தேவைப்படப்போவதும் இதே நான்கு வரிகள்தான்.